விதை போன வழி – 17: பனிக்குத் தப்பிய தூர்

சிலி நாட்டிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த குதிரைமசால், தங்கம் தேடிப் போனவர்களின் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் தீவனமாகி, மேற்கு மாநிலங்களில் பரவிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். வெயிலும் வாய்க்கால் தண்ணீரும் இருந்த இடத்திலெல்லாம் அது செழித்தது. ஆனால் வடக்கே ஏற ஏறத் தடுமாறியது. முதல் கோடையில் இடுப்பளவு நிற்கும். பனிக்காலம் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கச் செத்த வேர்தான் கிடக்கும். வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்துக்கு இந்தப் பயிர் ஆகாது என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை படித்தவர்கள் பலர் நம்பியிருந்தார்கள்.

அப்படி அவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, மினசோட்டாவின் ஒரு மூலையில் அது ஆண்டுக்காண்டு தழைத்துக்கொண்டிருந்தது. வளர்த்தவர் வெண்டலின் கிரிம் என்கிற ஜெர்மன் உழவர்.

அவர் 1818-இல் பிறந்தவர். ஊர் குல்ஸ்ஹைம். இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில், டவ்பர் ஆற்றை ஒட்டிய பகுதியில் இருக்கும் சிறிய ஊர். அன்று அது பாடன் என்ற தனி நாட்டைச் சேர்ந்திருந்தது. நம்மூரில் பாகப்பிரிவினையால் நிலம் துண்டுதுண்டாகப் போவதை அறிந்தவர்களுக்குப் பாடன் உழவர்களின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. அப்பன் இறந்தால் நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியும். இரண்டு தலைமுறையில் ஒரு குடும்பத்தின் பங்கு, ஒரு ஏர் மாட்டுக்குக்கூட வேலை கொடுக்காத அளவுக்குச் சுருங்கிவிடும். 1840-களின் நடுவில் உருளைக்கிழங்கை நோய் அழித்தது. 1848-லும் 1849-லும் பாடன் மக்கள் மன்னராட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். பிரஷ்யப் படை வந்து அந்தக் கிளர்ச்சியை நசுக்கியது. அதற்குப் பிறகு கப்பலேறியவர்களின் கூட்டம் பெருகியது. 1854-ஆம் ஆண்டில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள்.

கிரிம் கிளம்பியது 1857-இல். நாற்பதை எட்டும் வயது. மனைவி ஜூலியானா, பிள்ளைகள், சுமக்க முடிந்த சாமான்கள். அந்தச் சாமான்களோடு ஒரு விதைப்பையும் போனது. அதன் எடை 15 பவுண்டு என்றும் 20 பவுண்டு என்றும் சொல்கிறார்கள். நம் கணக்கில் ஏழு முதல் ஒன்பது கிலோ. குதிரைமசால் விதை மிகப் பொடி. ஒரு கிராமுக்கு ஐந்நூறு விதை வரை நிற்கும். ஆக, அந்தப் பைக்குள் நாற்பது லட்சம் விதை இருந்திருக்கும். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் தரையில் தூவினால் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

அது அவருடைய ஊர்ப்பக்கத்தில் நெடுங்காலமாகப் புழங்கிய ரகம். துண்டு நிலம் வைத்திருப்பவர்கள் மாட்டை மேய்ச்சலுக்கு விட முடியாது. கட்டுத்தறியில் கட்டி, அறுத்துப் போட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதற்கு இதைப்போல் தோதான பயிர் இல்லை. ஒருமுறை விதைத்தால் பல ஆண்டு நிற்கும். அறுக்க அறுக்கத் தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். ஆணிவேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி ஈரத்தைத் தேடும். வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். கோவைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் குதிரைமசால் போட்டு மாடு வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம். ஒரு உழவர் கடல் கடக்கும்போது தன் மாட்டுக்கு வேண்டியதையும் எடுத்துக்கொண்டு போனதில் வியப்பு எதுவும் இல்லை. அந்த விதை பிறகு பிழைத்த விதத்தில்தான் வியப்பு இருக்கிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்தது மினசோட்டா ஆற்றங்கரையில், சாஸ்கா என்ற ஊரை ஒட்டிய கார்வர் கவுண்டிக்கு. மினியாபொலிஸுக்குத் தென்மேற்கே உள்ள பகுதி. மினசோட்டா அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. மறுவருடம் மே மாதத்தில்தான் ஆயிற்று. மேப்பிள், ஓக், எல்ம் மரங்கள் அடர்ந்த பெருங்காடு அது. கோடரி பிடித்து, மரத்தைச் சாய்த்து, அடிக்கட்டைகளுக்கு நடுவில்தான் முதல் உழவு. அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டுதான் அமெரிக்க வங்கிகள் வரிசையாகச் சரிந்து, நாடு முழுக்கப் பணமுடை ஏற்பட்டது. புதிதாகக் குடியேறியவர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாத காலம்.

அந்தக் காடு யாருடையது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அது டகோட்டா மக்களின் நிலம். 1851-இல் டிராவர்ஸ் டி சூ, மெண்டோட்டா என்ற இரண்டு இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் வழியாக அமெரிக்க அரசு அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கியது. சொன்ன பணம் சொன்ன காலத்தில் போய்ச் சேரவில்லை. ஆற்றங்கரையின் ஒரு குறுகிய பட்டைக்குள் ஒதுக்கப்பட்ட மக்கள் 1862-இல் பசி தாங்காமல் போரில் இறங்கினார்கள். கார்வர் கவுண்டிக்கு மேற்கே, ஜெர்மானியர் கட்டிய நியூ உல்ம் நகரமே எரிந்தது. குடியேறிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். போர் அடங்கியதும், டிசம்பர் 26 அன்று, மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். எஞ்சியவர்களை மாநிலத்தைவிட்டே விரட்டினார்கள். கிரிம் போன்றவர்கள் கோடரியோடு நுழைந்த காடு அவர்களுக்குக் கிடைத்தது இப்படித்தான். ஊரில் நிலம் சுருங்கிப்போய் வெளியேறிய ஏழை உழவர், இன்னொருவர் நிலம் பறிபோனதால் நிலம் பெற்றார். இந்த இரண்டு உண்மையில் எதையும் விடுவதற்கில்லை.

1858 வசந்தத்தில் கிரிம் தன் விதையைத் தூவினார். கோடையில் நன்றாக வந்தது. பிறகு மினசோட்டாவின் பனிக்காலம் வந்தது.

குல்ஸ்ஹைமிலும் பனி பெய்யும். ஆனால் மினசோட்டாவின் குளிர் வேறு ஜாதி. வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். பயிரைக் கொல்வது குளிர் மட்டுமல்ல. வெண்பனி போர்வைபோல் மூடியிருந்தால் தூர் பிழைக்கும். அது காற்றில் அடித்துப் போய்விட்டால் மண் வெறுமையாகும். மார்ச் மாதத்தில் பகலில் உருகுவதும் இரவில் உறைவதுமாக மண் உப்பி உப்பி அமுங்கும். அந்த இழுப்பில் ஆணிவேர் பாதியில் அறுந்து, தூர் மண்ணுக்கு மேலே வெளியே வந்து நிற்கும். சில ஆண்டு, உருகிய நீர் தேங்கிக் கண்ணாடிபோல் உறைந்து, அடியில் இருக்கும் பயிரை மூச்சுத் திணறடிக்கும். கிரிம்மின் வயலிலும் பெரும்பகுதி செத்தது.

ஆனால் முழுக்கச் சாகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தூர்கள் துளிர்த்தன.

இந்த இடத்தில் ஒரு உழவர் செய்யக்கூடியவை பல. உழுது புரட்டிவிட்டுக் கோதுமை போட்டிருக்கலாம். சுற்றிலும் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கோதுமைதான் பணம். கிரிம் அந்தச் சில தூர்களை அறுக்காமல் விட்டார். பூக்கவிட்டு, காய்க்கவிட்டு, விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தார். அந்தப் பயிரிலும் ஒரு பகுதி செத்தது. பிழைத்ததிலிருந்து மறுபடியும் விதை எடுத்தார். இப்படியே ஆண்டுகள் ஓடின.

சொல்வது எளிது. குதிரைமசாலில் விதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். விதைக்கென்று விட்டால் அந்த அறுப்பின் தீவனம் போயிற்று. புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு ஒரு அறுப்புத் தீவனம் என்பது சிறிய தியாகம் இல்லை. பூத்தாலும் எல்லாப் பூவும் காய்க்காது. பூவின் கீழ் இதழ்களுக்குள் சூலகமும் மகரந்தத் தாள்களும் விறைப்பாக வளைந்து அடைபட்டிருக்கும். ஒரு தேனீ வந்து அந்த இதழை அழுத்தினால்தான் அவை விடுபட்டுத் தெறித்து அதன் தலையில் படீரென்று அடிக்கும். அந்த அடியில்தான் மகரந்தம் இடம் மாறும். வீட்டுத் தேனீ ஓரிரு முறை அடிபட்டதும், பக்கவாட்டிலிருந்து தேனை மட்டும் உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். உடல் பருத்த காட்டுத் தேனீக்களைத்தான் நம்ப வேண்டும். மழை ஈரம் மிகுந்த கோடையென்றால் பயிர் சாய்ந்து, காய்க்கிற நேரத்தில் புதுத் துளிர் விட ஆரம்பிக்கும். எல்லாம் தப்பி, காய்கள் சுருண்டு கறுத்த பிறகு அறுத்து, அடித்து, புடைத்தெடுத்தால் கையில் மிஞ்சுவது ஒரு சிறங்கை இரண்டு சிறங்கைதான். ஆரம்ப ஆண்டுகளில் கிரிம் சேர்த்ததும் அப்படிப்பட்ட கையளவு விதையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர் ஏன் விடாமல் செய்தார்? நாட்குறிப்போ கடிதமோ வைத்து இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. என் எண்ணம் இது: அவருக்கு வேறு விதமாக உழவு செய்யத் தெரியாது. மாட்டுக்கு இந்தத் தீவனம் வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், நிலத்துக்கு எரு வேண்டும் என்ற சுற்றில் வளர்ந்தவர். சுற்றில் ஒரு கண்ணி அறுந்தால் அதை ஒட்டித்தானே ஆக வேண்டும்? அவரை அறிவியலாளர் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தப் பட்டம் அவருக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பனிக்காலம் பலவீனமானதைக் களைந்தது. பிழைத்தவற்றின் விதையைத் தேடிச் சேர்த்தது அவர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது.

விதைக்குள்ளும் ஒரு ரகசியம் இருந்தது. பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். குதிரைமசாலின் பூ பெரும்பாலும் ஊதா நிறம். கிரிம்மின் வயலிலோ ஊதாவோடு பச்சை கலந்ததும், மஞ்சள் சாயல் அடித்ததுமாகப் பல நிறப் பூக்கள் இருந்தன. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் காட்டுச் செடியாக வளரும் மஞ்சள்பூ மசால், குளிருக்கு அஞ்சாதது. அதன் கலப்பு எப்போதோ அந்தப் பழைய ஜெர்மன் ரகத்தில் சேர்ந்திருக்கிறது. நாற்பது லட்சம் விதையில் மிகச் சிலவற்றுக்கே அந்தக் குணம் போதிய அளவு இருந்தது. ஒவ்வொரு பனிக்காலமும் அவற்றை மட்டும் விட்டுவைத்து மற்றதை அழித்தது. பிழைத்தவற்றின் தூர் மண்ணுக்குள் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. வேர் ஒற்றை ஆணியாக நில்லாமல் கிளைத்திருந்தது. இலையுதிர் காலம் தொடங்கியதுமே அவை வளர்ச்சியை நிறுத்தி உறங்கப் போயின. மண் உறைவதற்கு முன்பே வேருக்கு வேண்டிய சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டன.

1863-இல் மழை பொய்த்தது. சுற்றுவட்டாரத்தில் மாடெல்லாம் எலும்பும் தோலுமாக நிற்க, கிரிம்மின் மாடுகள் மட்டும் கொழுத்திருந்தன. மக்காச்சோளம் இந்த வறட்சியில் எங்கே கிடைத்தது என்று பக்கத்து வயல்காரர் ஒருவர் கேட்டாராம். ஒரு மணி சோளம்கூடப் போடவில்லை, எல்லாம் இந்த மசால்தான் என்று பதில் சொன்னாராம் கிரிம். கார்வர் கவுண்டியில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த சம்பவம் இது. வறட்சியில் ஆழமான வேர் பயிரைக் காப்பாற்றும் என்பதால் நம்பக்கூடியதுதான்.

அதன்பின் அண்டை அயலார் விதை கேட்டு வந்தார்கள். பெரும்பாலும் அவரைப்போலவே ஜெர்மன் குடியேறிகள். மிஞ்சியதை அவர் வெளியிலும் விற்றார். பண்ணையும் தேறியது. 1876-இல் அந்த வட்டாரத்தின் வெளிர்மஞ்சள் செங்கல்லில் ஒரு வீடு கட்டினார். மரக்குடிசையில் தொடங்கிய குடும்பத்துக்கு அது பெரிய ஏற்றம். மாநிலத்தின் மற்றப் பகுதிகள் கோதுமையையே நம்பிக் கிடந்தன. 1870-களில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஆண்டுக்கணக்கில் வந்து கோதுமையைத் தின்று தீர்த்தபோது பல குடும்பங்கள் கையேந்தின. 1889 வாக்கில் மினசோட்டா முழுவதிலும் விளைந்த குதிரைமசாலில் ஏறத்தாழ பாதி கார்வர் என்ற அந்த ஒரு கவுண்டியில்தான் இருந்தது.

1890-இல் வெண்டலின் கிரிம் இறந்தார். எழுபதைக் கடந்த வயது. தான் கொண்டுவந்த விதையின் வழி மண்ணில் நிலைத்திருப்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். பக்கத்து வயல்களிலும் அது நின்றதைப் பார்த்தார். அதற்குத் தன் பெயர் வரும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்தப் பயிருக்கு அப்போது தனிப்பெயரே கிடையாது. கார்வர் கவுண்டிக்கு வெளியே வேளாண்மைத் துறைக்காரர்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அடுத்து நடந்தது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றும் ஒரு விஷயம். 1897-இல் அமெரிக்க வேளாண்மை அமைச்சர் ஜேம்ஸ் வில்சன், நீல்ஸ் ஹான்சன் என்ற தெற்கு டகோட்டா பேராசிரியரை ரஷ்யாவுக்கு அனுப்பினார். வடக்கு மாநிலங்களின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் பயிர்களைத் தேடிக்கொண்டு வர வேண்டும். அதில் குதிரைமசாலுக்கு முதலிடம். ஹான்சன் துருக்கிஸ்தானுக்குப் போனார். அங்கிருந்து வடக்கே சைபீரியாவுக்கு, பனிக்காலத்தில், வண்டியிலும் சறுக்குவண்டியிலும் ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தார். அவர் அங்கே உயிரைப் பணயம் வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய தெற்கு டகோட்டாவை ஒட்டிய மாநிலத்திலேயே நாற்பதாவது பனிக்காலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது கிரிம்மின் பயிர். ஹான்சனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் கொண்டுவந்த மஞ்சள்பூ மசாலின் பெருமை தனி. ஆனால் ஒரு அரசாங்கத்துக்குத் தன் உழவர் வயலில் என்ன நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். நம் ஊர்களிலும் எத்தனை ரகங்கள் இப்படிக் கேட்பாரில்லாமல் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கிரிம்மின் பயிரைக் கண்டுசொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் ஆர்தர் லைமன், ஊர் எக்செல்சியர். வெளியிலிருந்து வாங்கிய விதையில் வந்த குதிரைமசால் பனியில் செத்துப்போவதையும், உள்ளூர் ஜெர்மன் உழவர்களின் விதையில் வந்தது பிழைப்பதையும் அவர் கவனித்தார். இந்த விதை எங்கிருந்து வந்தது என்று வீடுவீடாக விசாரித்துக்கொண்டே போனார். எல்லா வழியும் கிரிம்மின் பண்ணையில் போய் முடிந்தது. 1900-ஐ ஒட்டி, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வுப் பண்ணையில் இருந்த வில்லட் ஹேஸிடம் இதைத் தெரிவித்தார். ஹேஸ் கோதுமை, ஓட்ஸ் ரகங்களைத் தேர்ந்தெடுப்பதில் பெயர் பெற்றவர். ஒரு ஆசிரியர் கொண்டுவந்த செய்தி என்று தள்ளிவிடாமல், விதை வாங்கிச் சோதித்தார். வடக்கு டகோட்டாவின் டிக்கின்சன் ஆய்வுப் பண்ணையில் மரமே இல்லாத புல்வெளியில், பனிப்போர்வை நிலைக்காத நிலத்தில், பல ரகங்களை அருகருகே விதைத்தார்கள். கடுங்குளிருக்குப் பிறகு மற்ற ரகங்கள் பெருமளவு செத்துப்போக, கிரிம்மின் ரகம் நின்றது. வாஷிங்டனிலிருந்து வேளாண்மைத் துறை சார்பில் சார்ல்ஸ் பிராண்ட் வந்து இதன் வரலாற்றை விசாரித்து எழுதினார். அப்போதுதான் ‘கிரிம் அல்ஃபால்ஃபா’, அதாவது கிரிம் குதிரைமசால், என்ற பெயர் நிலைத்தது.

புதிய ரகங்களுக்கு அமைச்சர் பெயரையும் பேராசிரியர் பெயரையும் வைத்த காலம் அது. இறந்துபோன ஒரு உழவரின் பெயரை வைத்த லைமன், ஹேஸ் இருவரின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு தேவை பெருகியது. மினசோட்டா, விஸ்கான்சின், இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா, கனடா என்று எங்கும் கிரிம் விதைக்கு அடிபிடி. விலையும் ஏறியது. விலை ஏறியதும் போலியும் வந்தது. குதிரைமசால் விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண விதையைக் கிரிம் என்று விற்றவர்களிடம் ஏமாந்தவருக்கு உண்மை தெரிவது முதல் பனிக்காலம் முடிந்த பிறகுதான். அதனால் உழவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். வயலை நேரில் பார்த்துச் சான்றளித்து, மூட்டைக்கு முத்திரை வைத்து விற்கும் ஏற்பாடு வளர்ந்தது. சான்று விதை என்று இன்று நாம் சொல்லும் முறை அங்கே வேரூன்றியதற்கு இந்தப் பயிரும் ஒரு காரணம்.

இதன் பலன் தீவனத்தோடு நிற்கவில்லை. கோதுமை விளைச்சல் குன்றி, நிலம் சலித்துப்போன வட மாநிலங்கள் பால்மாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. பால்மாட்டுக்குப் பனிக்காலம் முழுக்கப் புரதம் மிகுந்த உலர்தீவனம் வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் கட்டாது. குளிர் தாங்கும் குதிரைமசால் கிடைத்ததும் சொந்த வயலிலேயே அது விளைந்தது. மினசோட்டாவும் விஸ்கான்சினும் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் வாங்கியதில் இதற்குப் பங்கு உண்டு. 1924-இல், கிரிம்மின் பண்ணையில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்தச் செங்கல் வீடும் தப்பியது. 1974-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் அது சேர்ந்தது. இன்று கார்வர் பூங்காவுக்குள் அது நிற்கிறது.

ஆனால் வயலில் அந்த ரகம் நிலைக்கவில்லை. 1920-களில் பாக்டீரியா வாடல் நோய் பரவத் தொடங்கியது. மூன்றாவது நான்காவது ஆண்டில் செடிகள் மஞ்சளித்து, குட்டையாகி, வேர் பழுத்துச் செத்தன. பனியை வென்ற கிரிம், இந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1940-களில் ரேஞ்சர், 1950-களில் வெர்னல் என்று வாடலைத் தாங்கும் ரகங்கள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன. அவற்றைக் கிரிம் தனியாகப் பெற்றெடுக்கவில்லை. குளிர் தாங்கும் குணத்தை ஆசிய மசால்களோடும் மஞ்சள்பூ மசாலோடும் சேர்த்துப் பார்த்த பல கலப்புகளின் விளைவு அவை. அந்த மஞ்சள்பூ மசாலைத் தேடி ஹான்சன் சைபீரியப் பனியில் போன பயணத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.